ருக்கு காளான்

வா கண்ணு, உள்ள வா. அந்தியூர்ல இருந்தா வர்றே? டெம்போ பின்னால வருதா? சரி, வரட்டும். அதுக்குள்ள சித்த நேரம் உக்காரு, மோர் கொண்டாறேன். நீ வாங்கற இரும்பு ரேக்கு எங்கயும் ஓடிப் போயிராது. ஆறு ரேக்கையும் கழுவித் தொடச்சு வெச்சிருக்கேன். தண்ணி தெளிக்கற மெசினு, வைக்கப்புல்லு வேகவெக்கற பேரலு, எல்லாம் அதோட சேத்தித்தான். போட்டோவுல பாத்த மாதிரியேதான் இருக்கும். நான் பொய் சொல்ற ஆளில்ல கண்ணு.

நல்லா ஓடிக்கிட்டிருந்ததை ஏன் விக்கறீங்கன்னு போன்ல கேட்டே. போன்ல என்னத்தைச் சொல்றது. வர்ற வழியில யாராவது சொல்லியிருப்பாங்களே? "அந்தக் காளான்காரி வீடா? புருசன் மூச்சுக்குத் தவிக்கறப்பக் காளான் பறிச்சுக்கிட்டு நின்னவ வீடா?"ன்னு? சொல்லலையா? நீ மரியாதைக்கு மறைக்கறே. ஆறு மாசமா இந்த ஊர்ல அதுதான் பேச்சு. நான் நடந்தது நடந்தபடி சொல்றேன், நீயே ஒரு ஞாயம் சொல்லு. வெளியூர்க்காரி நீ. உனக்கு நானும் ஒண்ணுதான், அவரும் ஒண்ணுதான்.

அவருன்னா எங்கூட்டுக்காரரு. பேரு சென்னியப்பன். பஞ்சு மில்லுல இருபத்தெட்டு வருசம் வேலை பாத்தாரு. மூணு வருசத்துக்கு முன்னால மில்லை மூடிட்டாங்க. புள்ளையை அதுக்கு முன்னாலயே திருப்பூர்ல கட்டிக் குடுத்தாச்சு. ஊட்டுல நாங்க ரெண்டு பேருதான். அவரு காலையில எந்திரிச்சு டீக்கடைக்குப் போவாரு, வருவாரு, டிவி முன்னால உக்காருவாரு. பேச்சே கெடையாது. கேட்டாப் பதில் வரும், கேக்காட்டி அதுவும் இல்ல. கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்தே அப்படித்தான். முப்பது வருசத்துல ஒரு முழம் பூ வாங்கியாந்திருப்பாரான்னு கேளு. நான்தான் வாங்கி வெச்சுக்குவேன்.

எங்க மகளிர் குழுவுல அஞ்சு பேரைக் காளான் பயிற்சிக்குன்னு கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனாங்க. ஒரே ஒரு நாள் பயிற்சிதான். மத்த நாலு பேரும் சாப்பாட்டுப் பொட்டலம் நல்லா இருக்குதுன்னு பேசிக்கிட்டு வந்தாளுங்க. நான் மட்டும் கையில ரெண்டு பாக்கெட்டு விதையோட வந்தேன். காளான் விதைன்னா தெரியுமில்ல, வெந்த சோளத்துல வெள்ளையாப் பூத்திருக்குமே, அதுதான். எனக்கு அன்னிக்கு ஐம்பது வயசு. பொறந்ததுல இருந்து இன்னொருத்தர் சொல்லித்தான் எல்லாம் பண்ணியிருக்கேன். இது ஒண்ணு நானா நெனச்சுப் பண்ணுனது.

அதை மொதல்லயே சொல்லிப்போடறேன் கண்ணு. காளான் குடில் போட்டது நான் ஒருத்திதான். அவருக்கு அதுல ஒரு பங்கும் கெடையாது. மாட்டுச்சாளை சும்மா கெடந்துச்சு. அதுக்குக் கீத்து வேஞ்சது அவரு. சுத்தியும் கோணிச்சாக்கு கட்டுனது, கீழ மணல் கொட்டுனது அவரு. அது ஆம்பளை வேலை, அதை விடு. வைக்கப்புல்லை வெட்டி, ஊறவெச்சு, பேரல்ல வேகவெச்சு, தண்ணி வடிய விட்டு, பையில அடுக்கடுக்கா ரொப்பி, அடுக்குக்கு அடுக்கு விதை தூவி, வாயைக் கட்டி ரேக்குல ஏத்தோணும். பெட்டு போடறதுன்னு சொல்லுவோம் அதை. அது அவரு பாத்துக்குவாரு. அப்பறம் நாளைக்கு நாலு தடவை தண்ணி தெளிக்கோணும். வெடியால அஞ்சு மணிக்கு மொதத் தெளிப்பு. அதும் அவருதான். ஆனா எப்பப் பறிக்கறது, யாருக்கு எத்தனை பாக்கெட்டு, எந்தக் கடைக்கு என்னிக்குப் போடறது, அந்த மண்டைக் கொடைச்சல் பூராவும் எனக்குத்தான். அவரு சும்மா கூடமாட இருந்தாரு, அவ்வளவுதான்.

மொத மொதல்ல மொட்டு விட்டுச்சு பாரு. பையில போட்ட ஓட்டை வழியாக் குண்டூசித் தலை மாதிரி எட்டிப் பாத்துச்சு. மூணாம் நாளு ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். சிப்பி மாதிரியே மடிஞ்சு, அடியில வரி வரியா. நான் பறிக்கவே இல்ல, பாத்துக்கிட்டே நின்னேன். அவருதான், "பறிக்கலாம் ருக்கு"ன்னாரு.

அன்னிக்கு முழுச் சின்னவெங்காயமும், வரமொளகாயும், பல்லுப் பல்லாக் கீறுன தேங்காயும் போட்டு, கோழிக்குப் பண்ற மாதிரியே பிரட்டுனேன். அவரு ரெண்டு தடவை சோறு வாங்குனாரு. "நல்லா இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன். "ம்"ன்னாரு. அவருகிட்ட அந்த ஒரு "ம்" வாங்கறதே பெரிசு.

அப்பறம் எங்கிருந்து எங்க போச்சுங்கறே. நாய்க்கொடையைத் திங்கறதான்னு மூஞ்சியச் சுளிச்சவளுக எல்லாம் வாசல்ல வந்து நின்னாளுக. கோபில ரெண்டு கடை, சத்தியில ஒரு கடை. பாக்கெட்டு மேல ஒட்டச் சீட்டு வேணும்னு கடைக்காரரு சொன்னாரு. எங்கூட்டுக்காரரு கோபிக்குப் போயி அச்சடிச்சுக்கிட்டு வந்தாரு. "ருக்கு காளான்"னு பச்சை எழுத்துல போட்டிருந்துச்சு. எனக்கு வந்த கோவம்! ருக்குமணின்னு முழுப் பேரு இருக்கறப்ப, ஊட்டுல கூப்புடற பேரையா கடைவீதியில போடறது? புத்தி இருக்கற மனுசன் பண்ற வேலையா? "அதுதான் நல்லா இருந்துச்சு"ன்னாரு. அடிச்சது அடிச்சாச்சு, என்ன பண்றது, ஒட்டுனோம்.

மழைக்கும் பனிக்கும் சிப்பிக் காளான், வெயிலுக்குப் பால் காளான். ஓட்டந்தான். எல்லாரும் என்னைக் காளானக்கான்னு கூப்புட ஆரம்பிச்சாங்க. நான் தலையெடுத்தேன் கண்ணு, ஒரு அஞ்சு மாசம். அப்பப் புடிச்சுது அவருக்கு இருமல்.

மார்கழி மாசம். பனி ஒத்துக்கலைன்னு நெனச்சேன். தையி போச்சு, மாசி போச்சு, இருமல் போகல. வறட்டு இருமல், சளியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. பொழுது எறங்குனா லேசாக் காச்சல் அடிக்கும், காலையில விட்ரும். காச்சலாம், ஆனா வெடிஞ்சா எந்திரிச்சுத் தண்ணி தெளிக்கப் போயிருவாரு. அப்பறம் அது என்ன காச்சல்? நீயே சொல்லு. உள்ளூர் டாக்டரு பாத்துட்டு, மில்லுல வேலை செஞ்சவரு, பஞ்சு தூசியா இருக்கும்னு மருந்து குடுத்தாரு. நானும் சரின்னு இருந்துட்டேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன் பாரு. ஆளுங்க வந்து என்னைப் பாராட்டிக்கிட்டு இருக்கறப்பத்தான் அவருக்கு இருமல் ஜாஸ்தி ஆகும். கூடையைக் கொண்டாந்து வாசல்ல வெச்சு நான் எடை போட ஆரம்பிச்சா, உள்ள இருந்து லொக்கு லொக்குன்னு. பேச்சே கேக்காது.

நான் பாக்காம விட்டுட்டேன்னு சொல்லிரக் கூடாது. எத்தனை பண்ணுனேன். காளான் சூப்பு, மொளகுத்தூள் போட்டு ரெண்டு வேளை. காளான்ல இருக்கற சத்து வேற எதுலயும் இல்லைன்னு பயிற்சியில அந்தம்மா சொல்லியிருந்தாங்க. மிஞ்சுன காளானை வெயில்ல காயவெச்சு மிக்சியில அரைச்சு, அவருக்குப் பக்கத்துல உக்காந்துதான் சலிப்பேன். கஞ்சியில ஒரு கரண்டி, பால்ல ஒரு கரண்டி. அப்பறம் ரெய்ஷின்னு ஒரு மருந்துக் காளான் இருக்குது, மரக்கட்டை மாதிரி கெட்டியா இருக்கும், நெஞ்சுக்கு நல்லதுன்னு வாட்சப்புல போட்டிருந்தாங்க. அதைத் தூளா வரவழைச்சு ஒரு மண்டலம் கஷாயம் வெச்சுக் குடுத்தேன். கசப்புன்னா கசப்பு, வேப்பெண்ணை தோத்துப் போகும். மூஞ்சி சுளிக்காம அத்தனையும் குடிச்சாரு. குடிச்சுட்டு மறுபடி இருமல். ஊருக்கே காளானாலதான் ஒடம்பு நல்லா இருக்குது, இவருக்கு மட்டும் கேக்கலைன்னா என்னன்னு நெனைக்கறது?

பங்குனியில அவரு தங்கச்சி மயிலாத்தா ஊர்ல கோயில் நோம்பி. தாராபுரத்துக்கு அக்கட்டால, ஒரே மேட்டுக்காடு. இவரு போயிப் பத்து நாள் இருந்தாரு. நான் எங்க போறது, பெட்டெல்லாம் பூத்து நிக்குது. போன்ல கேட்டேன், "இருமல் எப்படி இருக்குதுங்க?"ன்னு. "இல்ல"ன்னாரு. "கொறஞ்சிருக்குதுங்களா?" "சுத்தமா இல்ல"ன்னாரு. மயிலாத்தா போனை வாங்கி, "அண்ணன் நல்லா சாப்புடுது அண்ணி, கெடா விருந்துல ஒரு புடி புடிச்சுது"ங்கறா. திரும்பி வந்தாரு. ரெண்டே நாள். லொக்கு லொக்கு.

எனக்கு எப்படி இருக்கும்? தங்கச்சி ஊட்டுல இல்லாத இருமல் எங்கூட்டு வாசப்படி மிதிச்சா வருது. நான் வாயை அடக்கல, உள்ளதைச் சொல்றேன். "உங்களுக்குக் கோளாறு நெஞ்சுல இல்ல, மனசுல. பொண்டாட்டி நாலு காசு பாத்துட்டா ஆம்பளைக்குப் பொறுக்காது. அதுக்குத்தான் இந்த நாடகம்"னு கேட்டுப்போட்டேன். அவரு பாத்தாரு. தண்ணி தெளிக்கற மெசினை எடுத்துக்கிட்டுக் குடிலுக்குள்ள போயிட்டாரு. தப்பில்லாத மனுசனா இருந்தாத் திருப்பிக் கேட்டிருக்கோணுமா இல்லியா?

அப்பறம் அடிக்கடி ஈரோட்டுக்குப் போக ஆரம்பிச்சாரு. மில்லு பிஎப்புப் பண விசயம்னு சொல்லுவாரு. அஞ்சாறு தடவை போனாரு. எனக்குக் குடிக்கறாரோன்னு கூட சந்தேகம். சட்டையை மோந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல. ஆளு மட்டும் எளைச்சுக்கிட்டே போனாரு. சட்டை தோள்ல நிக்காது. மூஞ்சிக்குத் துண்டைக் கட்டிக்கிட்டுக் குடிலுக்குள்ள போவாரு. "என்னங்க திருடன் மாதிரி"ன்னு சிரிப்பேன். பயிற்சியிலயும் துணி கட்டச் சொன்னாங்கதான். நமக்கெதுக்கு அதெல்லாம்னு நான் விட்டுட்டேன். எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு தும்மல் கெடையாது.

இப்பத்தான் கண்ணு அந்த விசயம். நல்லாக் கேட்டுக்க.

ஆவணி முகூர்த்தம். கோபில ஒரு பெரிய சமையல்காரரு, கல்யாணத்துக்குக் காளான் பிரியாணி, நாப்பது கிலோ வேணும்னு வந்தாரு. நாப்பது கிலோ! அதுவரைக்கும் நான் ஒரு நாள்ல பத்துக்கு மேல பாத்ததில்ல. ஒரு மாசத்துக்கு முன்னாலயே கணக்குப் போட்டு நூத்திமுப்பது பெட்டு போட்டோம். எல்லாம் ஒண்ணாப் பூத்துச்சு, ஆனா ஒரு நாள் முன்னாடியே பூத்துருச்சு. சனிக்கெழமை பறிச்சிருக்கோணும். வண்டி வர்றது ஞாயித்துக்கெழமை காலையில. அவரு சொன்னாரு, "இன்னிக்கே பறிச்சரலாம் ருக்கு, விட்டாப் பொடி பறக்கும்"னு. சனிக்கெழமை பறிச்சா ஞாயித்துக்கெழமைக்கு வாடிரும், சமையல்காரரு மூஞ்சியில அடிச்சாப்புல சொல்லிருவாரு. நான்தான் நாளைக்குப் பறிக்கலாம்னேன். ஒரு நாள்ல என்ன ஆயிரும்?

ஞாயித்துக்கெழமை வெடியாலக் கோணிச்சாக்கை வெலக்குனா, உள்ள வெள்ளப் பொகை. அடுப்புப் பொகைன்னு நெனச்சு நான் பதறிட்டேன். பொகை இல்ல, காளான்ல இருந்து எறங்கற பொடி. வெளிச்சம் விழுகற பக்கமெல்லாம் மாவு சலிச்ச மாதிரி மெதக்குது. ரெண்டு பேருமா எறங்கிப் பறிச்சோம். அவரு ரெண்டு துண்டு கட்டியிருந்தாரு. முப்பது கிலோ தேறியிருக்கும். மணி எட்டரை. திரும்பிப் பாக்கறேன், மனுசன் ரேக்குக் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. வாயைத் தொறந்து தொறந்து மூடறாரு, காத்து உள்ள போகல. ஒதடு நீலமா ஆயிருச்சு.

கத்துனேன். பக்கத்தூட்டு ராசாமணியண்ணன் ஓடியாந்தாரு. வாசல்ல கொண்டு போயிப் போட்டு, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுனோம், வந்துருச்சு. அதே நேரத்துக்குச் சமையல்காரரோட வண்டியும் வந்து நிக்குது. ஒரே வாசல்ல ரெண்டு வண்டி. இன்னும் பத்து கிலோ பறிக்கோணும், எடை போடோணும், கட்டோணும். அறநூறு பேரு கல்யாணம் கண்ணு. பொண்ணூட்டுக்காரங்க மானம் இருக்குது. ராசாமணியண்ணன், "நீ ஏறு புள்ள"ங்கறாரு. எனக்கு ஒண்ணும் ஓடல. நான் எங்கூட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தேன். அவரு கையை இப்படி ஆட்டுனாரு, குடிலைப் பாத்து. "போ, அதைப் பாரு"ங்கற மாதிரி. அவருதான் ஆட்டுனாரு. ராசாமணியண்ணன் அதைப் பாக்கல. அதனாலதான் ஊர்ல பேச்சு இப்படி ஆயிருச்சு.

நான் நின்னுட்டேன். ராசாமணியண்ணனைக் கூட ஏத்தி அனுப்பிச்சுட்டு, திரும்பிப் போயிப் பறிச்சேன். நாப்பதும் ஆச்சு. வண்டியை ஏத்தி விட்டுட்டு, சேலையக் கூட மாத்தாம பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போயிச் சேந்தப்ப ரெண்டரை மணி. நான் வேணும்னு பண்ணுனனா? வாசல்ல வண்டி நிக்கறப்ப நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே? சொல்லு. சரி, சொல்ல வேண்டாம். குடி, மோரைக் குடி.

ஆஸ்பத்திரியில ஆக்சிசன் மாட்டிப் படுக்க வெச்சிருந்தாங்க. நெஞ்சு டாக்டரு வந்தாரு. என்னை மேலயுங் கீழயும் பாத்தாரு. என்ற சேலையெல்லாம் வெள்ளப் பொடி. "இதோட உள்ள வராதீங்கம்மா, வெளிய நில்லுங்க"ன்னு வராந்தாவுக்குக் கூட்டிப் போனாரு. "நாலு மாசத்துக்கு முன்னாடியே இவருகிட்டத் தெளிவாச் சொன்னேன். அந்தக் காளான்ல இருந்து பறக்கற பொடிதான் இவரு நுரையீரலுக்கு ஆகல. எல்லாருக்கும் இப்படி வராது. இவருக்கு வந்திருக்குது. அந்தக் குடில் பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் 'சரிங்க, பொண்டாட்டிகிட்டச் சொல்லிடறேன்'னுட்டுப் போனாரு. உங்ககிட்டச் சொல்லலையா?"ங்கறாரு. நுரையீரல்ல தழும்பு விழுந்துருச்சாம். விழுந்த தழும்பு போகாதாம், இனிமே விழாமப் பாத்துக்கலாமாம்.

பாத்தியா? பிஎப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. ஈரோட்டுக்குப் போனதெல்லாம் இந்த டாக்டருகிட்ட. நாலு மாசம்! ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு, ஒரே அடுப்புச் சோறு தின்னுக்கிட்டு, கட்டுன பொண்டாட்டிகிட்ட மறைக்கறதுக்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேணும். எனக்கு அழுகையே வரல கண்ணு, ஆத்திரந்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரி ஆயாகிட்ட ஒரு சேலையை வாங்கிக் கட்டிக்கிட்டு உள்ள போயி, "ஏனுங்க சொல்லல?"ன்னு கேட்டேன். மூக்குல கொழாயோட, அவரு மெதுவாச் சொன்னாரு. "நீ குடிலுக்குள்ள பாடிக்கிட்டே இருப்பே ருக்கு. கேட்டதே இல்ல அதுக்கு முன்ன."

இது ஒரு பதிலா? நான் என்ன கேக்கறேன், அவரு என்ன சொல்றாரு. எனக்கு ஒரு பாட்டும் தெரியாது கண்ணு. நான் எங்க பாடுனேன்? மருந்து மயக்கத்துல ஏதோ பேசுனாரு, போச்சாது, அதை விடு.

பத்து நாள்ல அனுப்பிச்சாங்க. குடில் இருக்கற வரைக்கும் இந்த ஊட்டுக்கு வரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மயிலாத்தா வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா. நான் அன்னிக்கே மூடறேன்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். அவருதான், "வேண்டாம், வந்த ஆர்டரையெல்லாம் முடி, நல்லா ஓடறதை நிறுத்தாதே"ன்னாரு. நானும் ஐப்பசி வரைக்கும்னு நெனச்சேன். ஐப்பசி ஆனா கார்த்திகை. பொங்கல் வந்துருச்சு.

ஆனா பாரு, அவரு போனதுக்கப்பறம் ஒண்ணும் சரியா வரல. வைக்கப்புல்லு சரியில்ல கண்ணு, இந்த வருசம் வந்ததே ஈரப் புல்லு. விதையும் அப்படித்தான், முன்ன மாதிரி தரமில்ல. பெட்டு பூராப் பச்சைப் பூசணம். ஒரு பக்கம் காயுது, ஒரு பக்கம் அழுகுது. ஆளு வெச்சுப் பாத்தேன், ரெண்டு பொம்பளைங்க. புல்லை எவ்வளவு நேரம் வேகவெக்கோணும்னு கேட்டாளுக. எனக்கும் சரியாத் தெரியல. அவரு கையை வெச்சுப் பாத்துத்தான் எடுப்பாரு. மொதல்ல நாப்பது பாக்கெட்டு, அப்பறம் பதினஞ்சு, அப்பறம் நாலு. கடைக்காரங்க வேற ஆளைப் புடிச்சுக்கிட்டாங்க. வைக்கப்புல்லு நல்லா இருந்திருந்தா நான் ஒருத்தியே இன்னும் ஓட்டிக்கிட்டு இருப்பேன், அதுல சந்தேகமில்ல.

தை கடைசியில மூடுனேன். இன்னியோட இருபத்திரெண்டு நாளாச்சு. கீத்தைப் பிரிச்சு, மணலை வாரிக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு மூணு தடவை கழுவி, சுண்ணாம்பு அடிச்சேன். ஒத்தை ஆளா. முதுகு விட்டுப் போச்சு. ராத்திரி படுத்தா இந்தக் கை மேல எந்திரிக்காது.

இதுல இன்னொரு கூத்து. போன ஞாயித்துக்கெழமை தாராபுரத்துக்குப் போனேன், மூடிட்டேன், வாங்கன்னு சொல்லிக் கூட்டியாரத்தான் போனேன். மயிலாத்தா என்னை வாசல்லயே நிறுத்திட்டா. "சேலையை மாத்திக்கிட்டு உள்ள வாங்க அண்ணி, அண்ணனுக்கு ஆகாது"ன்னா. பொறவாசல்ல நின்னு அவ குடுத்த சேலையைக் கட்டிக்கிட்டுப் புருசனைப் பாக்கப் போறேன். எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு. உள்ள போனா, கட்டல்ல உக்காந்திருக்காரு. ஒடம்பு கொஞ்சம் தேவலை. கதவு வரைக்கும் நடந்தா நின்னு மூச்சு வாங்கறாரு. என்னைப் பாத்ததும் மொதக் கேள்வி, "குடில் எப்படிப் போகுது ருக்கு?" கண்ணுல ஒரு வெளிச்சம் கண்ணு. அந்தக் கட்டல்ல உக்காந்துக்கிட்டு அது ஒண்ணைத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு போல.

என்ற வாயில என்னமோ வந்துருச்சு. "நல்லாப் போகுதுங்க. நேத்துப் பதினஞ்சு கிலோ"ன்னுட்டேன். மனுசன் சிரிச்சாரு. முழு டம்ளர் காப்பியையும் குடிச்சாரு. அப்பறம், "அப்ப ஓட்டு. எனக்கென்ன, இங்க நல்லாத்தானே இருக்குது. நீ முடிச்சதுக்கப்பறம் வர்றேன்"ன்னாரு. நான் பஸ் ஏறி வந்துட்டேன்.

இப்ப எப்படிச் சொல்றது? நொடிச்சுப் போச்சுன்னு சொன்னா, தன்னாலதான் நின்னு போச்சுன்னு படுத்துக்குவாரு. சொல்லாட்டி ஊட்டுக்கு வர மாட்டாரு. தெனமும் நாலு மணிக்குப் போன் பண்ணுவாரு. தெளிச்சியா, மொட்டு வந்துதா, புல்லு எங்க எடுத்தேன்னு. நானும் தெளிச்சேன், வந்துச்சு, காளிங்கராயன்பாளையத்துலன்னு வாய்க்கு வந்ததைச் சொல்றேன். இது அவரு பண்ணுன மாதிரி இல்ல. அவரு மறைச்சது வேற. நான் அவரு மனசுக்காகச் சொல்றது.

அதனால டெம்போவை வாய்க்கா ரோட்டுலயே போகச் சொல்லு கண்ணு. கடைவீதியில அவரு சிநேகிதரு டீக்கடை இருக்குது. ரேக்கு போறதைப் பாத்தா அடுத்த நிமிசம் தாராபுரத்துக்குப் போன் போயிரும்.

வந்துருச்சா டெம்போ? இரு, மணி என்ன? நாலு. பாத்தியா, அவருதான். சத்தம் போடாதே, இரும்பு இடிக்காம எடுக்கச் சொல்லு.

சொல்லுங்க... ம், சாப்புட்டேன்... தெளிச்சாச்சுங்க, மூணு தடவை ஆச்சு... மொட்டுங்களா, நல்லா வந்திருக்குது... என்னங்க?... யாருங்க?... இல்லீங்க, இங்க யாரும்... அந்தியூரா?

...யாரு சொன்னாங்க உங்களுக்கு?

...எப்ப இருந்து?

...சரி... சரிங்க... சொல்றேன்... ம்... வெச்சுருங்க.

ஒண்ணும் இல்ல கண்ணு. உக்காரு. நான் சித்த நேரம் நின்னுக்கறேன்.

தெரியுமாம். நான் மூடுன அன்னிக்குச் சாயங்காலமே டீக்கடைக்காரரு சொல்லிட்டாராம். இருபத்திரெண்டு நாளாத் தெரியுமாம். இன்னிக்கு நீ அவரு கடையில வழி கேட்டதையும் சொல்லிட்டாராம். போன ஞாயித்துக்கெழமை நான் எதுத்தாப்புல உக்காந்து பதினஞ்சு கிலோன்னு சொன்னேன் பாரு, அப்பவும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சிருக்காரு. தெரிஞ்சுக்கிட்டே தெனமும், தெளிச்சியா தெளிச்சியான்னு கேட்டிருக்காரு. ஏன்னு கேட்டா, "நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்"ங்கறாரு.

இத்தனை அழுத்தம் ஆகுமா ஒரு மனுசனுக்கு? ஊர்ல என்னையத்தானே கொறை சொல்றாங்க, இந்த மாதிரி ஆளோட முப்பது வருசம் இருந்து பாத்தாத் தெரியும். கட்டுன பொண்டாட்டிகிட்ட யாராவது இப்படி மறைப்பாங்களா? நீயே சொல்லு. நான் அழுகல, சுண்ணாம்புத் தூளு கண்ணுல.

அப்பறம் உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. வடக்கோரத்து ரேக்குக்கு ஒரு கால் கட்டையாம், ஆடுமாம், அடியில செங்கல் சில்லு வெச்சுக்கச் சொன்னாரு. வாங்கறவங்ககிட்ட மறைக்காமச் சொல்லிருன்னாரு.

சுண்ணாம்பு வாடை போகப் பத்து நாள் ஆகும், அப்பறம் வர்றேங்கறாரு. பத்து நாள் எதுக்கு, ரெண்டு நாள் கதவைத் தொறந்து வெச்சாப் போதாதா? எல்லாம் அவரு வெச்சதுதான் சட்டம்.

டிரைவரைக் கூப்புடு கண்ணு. கடைவீதி வழியாவே போகட்டும், ரோடு நல்லா இருக்கும். நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம் தூக்கறேன். கதவு நெலவுல இடிச்சுராம, பாத்து.